தாலிக்கு முன்னால் வளையல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கோப்பெங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன். கரண்டியைவிட என் வாய்தான் வேகமாகச் சுழலும் என்பார் என் வீட்டுக்காரர் பத்துமலை. அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரமிளா. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் வேலை.

போன வருடம் மார்ச்சில் பிரமிளாவுக்கும் தர்மாவுக்கும் ரெஜிஸ்டர் நடந்தது. தர்மா தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன், தங்கமான குணம். எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான்: முதலில் அரசாங்க ஆபீசில் ரெஜிஸ்டர், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தாலி. ஆபீசில் மாலை மாற்றி, கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து கேக் வெட்டி, சாப்பிட்டு, அவரவர் வீட்டுக்கு அவரவர் போய்விட வேண்டும். இடையில் இருக்கிற காலத்தில் பெண் சட்டத்துக்கு மனைவி, வீட்டுக்குக் குமரி. இது என்ன கணக்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ரெஜிஸ்டருக்கு அவசரப்படுத்தியதே நான்தான். பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டத்தை வெட்டிப் புதுத் தாமான் கட்டுகிறார்கள், கல்யாணமான ஜோடிகளுக்குத்தான் முதலில் வீடு என்று யாரோ சொல்ல, விடுவேனா? இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "இது வெறும் பேப்பர். தாலி ஏறுற வரைக்கும் நீ யாரோ, இவ யாரோ. வெளங்குதா?" தர்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க அத்தே" என்றான்.

ஆவணியில் முகூர்த்தம். மண்டபம் சொல்லி, பத்திரிகை அடித்து, புடவையும் எடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தர்மாவின் அம்மா சமையல்கட்டில் சரிந்து விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குக் கல்யாணம் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எல்லாம் அடுத்த ஆவணிக்குத் தள்ளிப்போனது. தாயில்லாமல் அந்தப் பையன் நின்ற நிலையைப் பார்த்து நானே அழுதேன்.

பிப்ரவரி மாதம் எனக்கு ரத்தத்தில் சீனி கூடி, கண்ணைப் பரிசோதிக்க ஈப்போவில் ஓர் அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நம்பர் எடுத்துவிட்டு உட்கார இடம் தேடினேன். எதிர்ப்பக்கம் கர்ப்பிணிகள் வரிசை. அதில் மூன்றாவது நாற்காலியில் என் மகள். வேலைக்குப் போகிறேன் என்று காலையில் என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போன என் மகள்! மடியில் பிங்க் நிறப் புத்தகம். இந்த நாட்டில் பிள்ளை பெற்ற எவளுக்கும் அது என்ன புத்தகம் என்று தெரியும். பக்கத்தில் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு தர்மா.

கண்ணுக்கு மருந்து விடாமலேயே எல்லாம் மங்கலாகிவிட்டது.

"எத்தன மாசம்?" என்றேன், நேராகப் போய் நின்று.

பிரமிளா எழுந்தாள். "மூணும்மா. நானே சொல்லணும்னுதான்..."

"எப்பலா சொல்லுவே? பேர் வைக்கிற அன்னிக்கா?"

"அத்தே, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் தர்மா. அவனைப் பார்த்த பார்வையில் அவன் அந்தக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டான். அப்போது நர்ஸ் வெளியே வந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டு, "சுவாமி பூன் போலே மாசோக்" என்று மலாயில் சொன்னாள். கணவரும் வரலாமாம்! அரசாங்கத்துக்கு அவன் கணவன். வெட்கமே இல்லாமல் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் கண்ணைக் காட்டாமலேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது. சொல்லாமலும் முடியாது.

பிரமிளா வந்து கூடத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் அடங்கியிருப்பேன்.

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேம்மா. அவங்க அம்மா போன பெறகு அவரு சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. நான் பாக்கப் போனேன். நான் அவரு பொண்டாட்டி."

"பொண்டாட்டியா? எங்க தாலி? காட்டு!"

"கவர்மெண்டு பொண்டாட்டிங்குது. அவரு பொண்டாட்டிங்குறாரு. நீ மட்டும் இல்லேங்கறே. அந்தப் பேப்பர்ல சாட்சிக் கையெழுத்து போட்டது யாரும்மா? நீதானே?"

உண்மைதான். இரண்டு சாட்சி வேண்டும் என்றபோது முதலில் பேனாவை வாங்கியவள் நான். எனக்குப் பதில் இல்லாவிட்டால்தான் வாய் இன்னும் மோசமாகும். "தாலி இல்லாத கழுத்தோட வயித்தத் தள்ளிக்கிட்டு என் வாசல்ல நிக்காதே. மானத்தக் கப்பலேத்திட்டியே! எனக்கு மகளே இல்லேன்னு நெனச்சிக்கறேன்," என்றேன்.

பத்துமலை நாற்காலியிலிருந்து எழுந்து, "கலா, போதும்," என்றார். அவர் குரல் எடுபடவில்லை. பிரமிளா இரண்டு பைகளில் துணியை எடுத்துக்கொண்டாள். வேலையையும் விட்டுவிட்டுத் தஞ்சோங் மாலிமில் தர்மாவின் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு என்ன அப்படிப் பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எதிர்வரிசை இருளாயி அக்கா மகளுக்குக் கல்யாணமாகி ஏழாம் மாதமே பிள்ளை பிறந்தது. குறை மாதம் என்றார்கள். கோயில் மடப்பள்ளியில் இருபது பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். நான் விரலை மடக்கி எண்ணிக் காட்டி, "குறை மாசத்துப் பிள்ள மூணரைக் கிலோவா? அது என்னா பால் மாவு, எனக்கும் வாங்கிக் குடுங்கலா," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இருளாயி அக்கா அரைகுறையாய் நறுக்கிய பூசணியை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் கோயிலுக்கு வந்ததேயில்லை. இப்போது எல்லாரும் என் மகளுக்கு விரலை மடக்குவார்கள். அதுதான் என் பயம்.

அதனால் பொய் சொன்னேன். "பிரமிளாவ தஞ்சோங் மாலிம் கிளைக்கு மாத்திட்டாங்க. ஹாஸ்டல்ல தங்கியிருக்கா," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லையாம், பாவம் என்று கூட ஒட்டவைத்தேன். மூன்று மாதம் ஓடியது. சனிக்கிழமைதோறும் பத்துமலை வேனைக் கழுவிவிட்டு, கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவார். எங்கள் வீட்டு முருங்கைக்கீரையும் கூடவே போகும். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பத்துமலை கிளம்பாமல் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை என் பக்கம் தள்ளினார்.

"பாரு."

ஒரு படம். பிரமிளாவின் கை. கண்ணாடி வளையல், சிவப்பு மூன்று, பச்சை மூன்று. கீழே ஒரு வரி: 'அப்பா, ஏழாம் மாசம். நல்லாருக்கா?'

"யாரு போட்டுவிட்டா?" என்றேன்.

"யாரு இருக்கா? மாமியாரு செத்துட்டாங்க. அம்மா இருக்கா, இருந்தும் இல்ல. தானே கடைக்குப் போயி, தானே வாங்கி, தானே போட்டுக்கிட்டா கலா." அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் ஒரு கை மட்டும் என்று முதலில் புரியவில்லை. படம் எடுக்க இன்னொரு கை வேண்டுமே! தர்மா வேலைக்குப் போயிருப்பான். அந்த வீட்டில் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து ஒரு கையில் வளையலைப் போட்டு, மறு கையால் படம் பிடித்திருக்கிறாள். ஆறு வளையல். ஒற்றைப்படையில் போட வேண்டும் என்று சொல்லக்கூட அவளுக்கு ஆள் இல்லை. ஐயோ, பெற்றவள் நானா இதைச் செய்தேன்? மேசையிலேயே தலையை வைத்துக் கத்தி அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அன்றைக்கே வேனில் கிளம்பினோம். கதவைத் திறந்த பிரமிளாவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் மட்டும் வற்றிப் போயிருந்தது.

"திட்ட வந்தியாம்மா?"

"இல்ல. கூப்புட வந்தேன். வளகாப்பு நம்ம வீட்டுல செய்வோம்."

"யாருக்கும் தெரியாம, கதவச் சாத்திக்கிட்டா?"

"எல்லாரையும் கூப்புட்டு."

அவள் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். "நான் ஹாஸ்டல்ல இருக்கேனாம். அப்பா சொன்னாரு. ஒவ்வொரு வீடா போயி அத நீயே மாத்திச் சொல்லு. எனக்கு என்னா மாசம், தாலி ஏறலேன்னு எல்லாத்தையும் உன் வாயாலேயே சொல்லு. சொல்லி முடிச்சிட்டுக் கூப்புடு, வாரேன். என் பிள்ள ஒளிஞ்சி வந்துச்சின்னு நாளைக்கு எவளும் பேசக்கூடாது."

என் மகள்தானே! வாய் எங்கே போகும்? "சரி," என்றேன்.

மறுநாள் மாலை குங்குமத் தட்டும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். தாமானில் தமிழர் வீடுகள் முப்பத்தொன்று. முதல் வீட்டு வாசலில் தட்டை இரண்டு முறை சரிசெய்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். பத்தொன்பது வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படித் தயங்கவில்லை.

"பிரமிளாவுக்கு வளகாப்பு. அடுத்த ஞாயிறு. வந்திருங்க," என்றேன்.

அந்த அம்மா குங்குமத்தை எடுத்த விரலோடு அப்படியே நின்றார். கண் மேலே போனது. எண்ணுகிறார்! எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை? அதில் பட்டம் வாங்கியவள் ஆயிற்றே நான்.

"எண்ணாதீங்க, நானே சொல்லிடறேன். ரெஜிஸ்டர் ஆயி பதினாலு மாசம். வயித்துல ஏழு மாசம். தாலி இன்னும் ஏறல, மாமியாரு திவசம் முடிஞ்சி ஆவணியிலதான். ஹாஸ்டல்னு சொன்னது பொய். மாப்பிள்ள வீட்டுலதான் இருக்கா. நான் வெரட்டிவிட்டேன், அதான் போனா. வர்றீங்களா, இல்லியா?"

"வாரேன் கலா, வாரேன்," என்றார் அந்த அம்மா, மிரண்டுபோய்.

இதையே வீடு வீடாகச் சொன்னேன். பத்தாவது வீட்டுக்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருத்தி சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். ஒருத்தி கதவையே திறக்கவில்லை, டிவி சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வீட்டில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியாக இருளாயி அக்கா வீடு. அவர் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

"ஒன் மகளுக்கு வந்த பெறகுதான் ஒனக்குத் தெரிஞ்சிச்சி," என்றார். "அந்தப் பொண்ணு நல்லாருக்கட்டும். நான் வரல கலா." குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் வரவும் இல்லை. நியாயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டோம். விடிகாலையிலிருந்து ஐந்து வகைச் சாதம் கிண்டினேன். தர்மா விடுப்புப் போட்டுவிட்டு வந்து நாற்காலி பிரித்தான். பதினேழு பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் வாழ்த்த வந்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. எனக்கு இரண்டும் ஒன்றுதான், வந்தால் போதும். பிரமிளா மஞ்சள் பட்டுப் புடவையில் மனையில் உட்கார்ந்தாள். தானே போட்டுக்கொண்ட அந்த ஆறு வளையலும் இடது கையிலேயே இருந்தன.

முதல் வளையலை மாமியார் போட வேண்டும். அவர் இல்லாததால் தர்மாவின் அத்தை நல்லம்மாளைப் பாகான் செராயிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். கெட்டவர் இல்லை, சாமிக்குப் பயந்தவர். வளையல் தட்டைக் கையில் எடுத்தார். பிரமிளா இரண்டு கையையும் நீட்டினாள். நல்லம்மாளின் கண் பிரமிளாவின் கழுத்துக்குப் போனது. அங்கே ஒரு மெல்லிய சங்கிலி மட்டும்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கழுத்துல ஒண்ணுமில்லாம கையில எப்படிப் போடறது? பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. எனக்கு மனசு வரல."

தர்மா அவரிடம், "அத்தே, ப்ளீஸ்," என்றான். வந்திருந்த பெண்களில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. முதல் கை விழாமல் யார் இரண்டாவது கை வைப்பார்கள்? பிரமிளாவின் கைகள் நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு மெதுவாக மடிக்கு இறங்கின.

நல்லம்மாளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? அவர் பயந்து பயந்து சொன்னதைத்தான் நான் பிப்ரவரியில் கத்திச் சொன்னேன். நான் போய் என் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மடியில் கிடந்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க," என்றேன். "இந்த ஆறு வளையல் இவ கையில இருக்கே, இத யாரும் போட்டுவிடல. இவளே போட்டுக்கிட்டா. நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கறப்போ என் மகள் அநாதையாட்டம் ஒக்காந்து, தன் கைக்குத் தானே வளையல் போட்டுக்கிட்டா. நீங்க பேசுவீங்கன்னு பயந்து நான் இவளத் தொரத்துனேன். நீங்க என்னா பேசிட்டீங்க? பேசுனது நான்தான். தாலி இல்லேன்னு பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா இல்லேன்னாத்தான் ஆகும். இனிமே எவளும் போட வேணாம். நான் போடறேன். நான் போட்டா செல்லாதுன்னா, செல்லாமப் போகட்டும்."

பிரமிளா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாய் வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

தட்டிலிருந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்தேன். ஏழாம் மாதத்துக் கை, நன்றாக வீங்கியிருந்தது. பழைய வளையல்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இதக் கழட்டிட்டுப் புதுசு போடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா," என்றாள். "அது இருக்கட்டும். அது நான் போட்டது."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவை அங்கேதான் இருக்கும். நான் என்ன அழுதாலும் அந்த மூன்று மாதத்தை என்னால் கழற்ற முடியாது. மறுபேச்சுப் பேசாமல் கையில் தேங்காயெண்ணெய் தடவினேன். விரல்களைக் குவித்துப் பிடித்து, புது வளையலைக் கட்டைவிரல் மேட்டில் வைத்து மெல்ல அழுத்தினேன். நல்லம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். வளையலைத் தொடவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்து, பிரமிளாவின் கன்னத்தில் பூசிவிட்டார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. பின்னால் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது, யாரோ எழுந்து வருகிறார்கள்.

வளையல் பாதியில் சிக்கிக்கொண்டது. பிரமிளா முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குதும்மா," என்றாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. "நீ போடு."